வாழைத்தாரும் வளைவுப் பந்தயமும்

"ஏ தம்பி, உன் மருமவனுக்குப் பேய் பிடிச்சிருக்கா, பைத்தியம் பிடிச்சிருக்கான்னு நீதான் வந்து பாக்கணும்" என்று ஏரலிலிருந்து அக்காள் டெலிபோனில் சொன்னாள். கல்யாணம் ஆகாத இருபத்து நாலு வயதுப் பையனைப் பற்றி இப்படி ஒரு செய்தி வந்தால் யாரும் எதைச் சந்தேகிப்பார்களோ, அதைத்தான் நானும் சந்தேகித்தேன். குரும்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஏரல் போய்ச் சேர்ந்ததும்தான் சங்கதி விளங்கியது. விஷயம் பெண் அல்ல, பிக்கப் வண்டி.

அந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சுற்று வட்டாரத்து வயல்களிலிருந்து வாழைத்தாரும், கொடிக்கால்களிலிருந்து வெற்றிலையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போய் வருகிற வண்டி அது. அத்தான் காலமான பிறகு அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவது அதன் நாலு சக்கரங்கள்தாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரை மீறியபோது, ஏரல் தீவாகி நின்றதே, நினைவிருக்கிறதா? அப்போது அந்த வண்டியும் தண்ணீருக்குள் கிடந்தது. என்ஜினைப் பிரித்துச் சேறு கழுவி மறுபடி பூட்டுவதற்காக அக்காளின் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. ஒன்று திரும்பி வந்திருக்கிறது. மற்றது இன்னும் வரவில்லை.

இந்த வண்டியைத்தான் மருமகன் பந்தய வண்டியாக மாற்றப் போகிறானாம்!

"என்ன பந்தயம்ல?" என்று கேட்டேன்.

"ஆட்டோகிராஸ், மாமா."

பெயர் புதிதாக இருக்கிறதே என்று நேயர்கள் மிரள வேண்டாம். பல வண்டிகள் இடித்துக்கொண்டு ஓடுகிற பந்தயம் அல்ல இது. ஒரு மைதானத்தில் அடையாளங்கள் நட்டு, வளைந்து வளைந்து போகும் ஒரு பாதை போடுவார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக அதில் ஓடிவர வேண்டும். எதிரி யாரும் கிடையாது, கடிகாரம்தான் எதிரி. அடையாளத்தை இடித்தால் அபராதமாகச் சில விநாடிகள் கூடும். நேர் ரஸ்தாவில் பறக்கிற சாமர்த்தியம் இங்கே பிரயோசனப்படாது. திரும்புவது, நிறுத்துவது, மறுபடி கிளம்புவது—இவைதாம் பரீட்சை.

மருமகன் கைபேசியில் ஒரு படத்தை ஓட்டிக் காட்டினான். அமெரிக்காவில் ஒரு பெரிய தார்த் தளம். ஆரஞ்சு நிறக் கூம்புகளின் நடுவே ஒரு பிக்கப் வண்டி பாம்பு மாதிரி நெளிந்து ஓடுகிறது. அதன் வயிறு தரையை முத்தமிடுகிற உயரத்தில் இருக்கிறது. "இதே மாதிரி நம்ம வண்டியையும் இறக்கிப்பிடலாம், மாமா. பின்னால ரெண்டு ஸ்பிரிங் பட்டையை உருவணும். அகல டயர் போடணும். என்ஜினைக் கொஞ்சம் தட்டி எழுப்பணும். ஒன்றரை லட்சம் ஆவும்."

"ஒன்றரை லட்சத்துக்கு எங்கே போவ?"

அவன் பதில் சொல்லவில்லை. அக்காளின் கையில் மிஞ்சியிருந்த ஒற்றை வளையலை நான் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

கோபித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இரவு சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் அவன் சொன்ன ஒரு விஷயம் என்னை நிறுத்திவிட்டது. போன ஆடி மாதம், சரக்கு இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தானாம். பக்கத்தில் தங்கச்சி. முதல் தூறல் விழுந்த ரோடு. ஒரு திருப்பத்தில் பிரேக்கை மிதித்தான். வண்டியின் பின்பக்கம் தனியாகப் பிய்த்துக்கொண்டு போவது போல் வீசி, வாய்க்கால் கரையில் போய் நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் வாய்க்காலுக்குள். "அன்னைக்கு வண்டி என் கைக்குள்ள இல்லை, மாமா. அம்மாகிட்ட சொல்லலை. அதிலேருந்துதான் வண்டி எப்படித் திரும்புது, ஏன் வழுக்குதுன்னு தேட ஆரம்பிச்சேன்" என்றான்.

பைத்தியம் அல்ல, பயம். பயத்தை அறிவாக மாற்றிக்கொள்ள ஒரு பையன் புறப்பட்டிருக்கிறான். இதைத் தட்டிக் கழிக்கலாமா?

மறுநாள் காலையில் இருவரும் பஜாரைத் தாண்டி இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மீட்டுக் கொடுத்த மெக்கானிக் அண்ணாச்சியின் இடம் அது. சங்கதியைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து, பின் ஸ்பிரிங் பட்டைகளை ஸ்பானரால் தட்டினார்.

"தம்பி, இது ஒரு டன்னுக்கு மேல சுமக்கச் செஞ்ச கட்டு. லோடு இருந்தா வளைஞ்சு கொடுக்கும். காலியா இருந்தா கல்லு மாதிரி நிக்கும். பள்ளத்தில விழுந்தா சக்கரம் துள்ளும். தரையைத் தொடாத சக்கரம் இழுக்கவும் இழுக்காது, நிறுத்தவும் நிறுத்தாது, வளைவுல பிடிக்கவும் பிடிக்காது. உன் வண்டி ஆடி மாசம் வழுக்கினது இதனாலதான்."

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பிக்கப் வண்டியில் என்ஜின், டிரைவர், கேபின் எல்லாம் முன்னால். பின்னால் இருப்பது வெறும் பெட்டி. காலியாக இருக்கும்போது கனத்தில் பெரும்பங்கு முன் சக்கரங்களின் மேல். தள்ளுகிற வேலையோ பின் சக்கரங்களுக்கு. கனம் குறைந்த சக்கரத்துக்குப் பிடிப்பும் குறைவு. பிரேக்கை மிதித்தால் இருக்கிற கனமும் முன்னால் சாய்ந்துவிடும். ஈர ரோட்டில் பின்பக்கம் வீசாமல் என்ன செய்யும்?

"அப்ப பின்னால நாலு மணல் மூட்டை போட்டுக்கிடலாமா, அண்ணாச்சி?" என்று கேட்டான் மருமகன்.

"போடலாம். ஆனா கட்டாத மூட்டை திருப்பத்தில உனக்கு முந்தித் திரும்பும். அதுவும் போக, பந்தயத்துல கனம்தான் முதல் சத்துரு. மூட்டையைச் சுமந்துகிட்டு எவனாவது ஓட்டப் பந்தயம் ஓடுவானா?"

அப்புறம் அண்ணாச்சி ஒரு உபமானம் சொன்னார். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வருகிற இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் குடம் தலையில், இன்னொருத்திக்கு இடுப்பில். யாரோ கூப்பிட்டால் சட்டென்று திரும்பக் கூடியவள் யார்? வண்டியின் கனம் தலையில் இருக்கிறதா, இடுப்பில் இருக்கிறதா என்பதுதான் திருப்பத்தில் எல்லாம் என்றார்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 140 சென்டிமீட்டர் அகலம். கனத்தின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தள்ளும் விசை வண்டியின் எடைக்குச் சமமானால்தான் அது கவிழும். அவ்வளவு விசை வருவதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும், வண்டி கவிழாது. அதே வண்டியில் தாரை உயர அடுக்கி, மையம் 100 சென்டிமீட்டருக்கு ஏறிவிட்டால், எடையில் பத்தில் ஏழு பங்கு விசையே கவிழ்க்கப் போதும். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் அது எந்த வேகம் தெரியுமா? மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டர்! ஸ்பிரிங் சாய்வதையும் சரக்கு நகர்வதையும் சேர்த்தால் அதற்கும் குறைவு. வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் இந்தப் பந்தயங்களில் உயரமும் குறுகலுமான வண்டிகளைச் சேர்க்க மறுப்பது இதனால்தான்.

"அப்ப வண்டியை இறக்கினா நல்லதுதானே?" என்று மருமகன் துள்ளினான்.

நல்லதுதான். 70 சென்டிமீட்டரை 63 ஆக்கினால், திருப்பத்தில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குத் தாவுகிற கனம் பத்தில் ஒரு பங்கு குறையும். "ஆனா நீ பாத்த படம் தார்த் தளம்" என்றார் அண்ணாச்சி. "நம்ம நாட்டுல ஆட்டோகிராஸ் பெரும்பாலும் மண்ணுல நடக்குது. குண்டும் குழியுமா இருக்கிற மண்ணுல வண்டியை இறக்கினா, வயிறு தட்டி ஆயில் சம்ப் உடையும். அங்க சக்கரம் மேலயும் கீழயும் போய் வர இடம் வேணும். எந்தத் தரையில ஓடப் போறேன்னு தெரியாம ஸ்பானரைத் தொடாதே."

மருமகனின் ஒன்றரை லட்சத்தில் பாதி அந்த ஒரு வார்த்தையில் கரைந்தது.

* * *

லோடு வண்டியை ஓட்ட வண்டியாக்குகிற ஆசை ஏரல் பையனுக்கு மட்டும் வந்தது அல்ல. 1932-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு குடியானவரின் மனைவி போர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாளாம்: ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி செய்து தரக் கூடாதா என்று. லூ பாண்ட் என்ற இளைஞர் அதற்காகப் படம் வரைந்தார். 1934-ல் முன்பக்கம் காரும் பின்பக்கம் பெட்டியுமாக அந்த வண்டி வெளிவந்தது. பிற்காலத்தில் ஆஸ்திரேலியர்கள் அதன் வாரிசுகளைப் பந்தயத் தளத்திலேயே ஓட விட்டார்கள். சோகம் என்னவென்றால், அந்த லூ பாண்ட் 1987-ல், தாம் புதுப்பித்து வைத்திருந்த அதே மாதிரிப் பழைய வண்டியை ரோட்டில் ஓட்டிச் செல்லும்போது விபத்தில் இறந்தார். வண்டியைப் பெற்றவர் என்று ரோடு தாட்சண்யம் பார்ப்பதில்லை.

இன்னொரு கதை 1991-ல் அமெரிக்காவில் நடந்தது. ஜி.எம்.சி. கம்பெனி 'சைக்ளோன்' என்று ஒரு பிக்கப் வண்டி விற்றது. 280 குதிரை சக்தி. நாலு சக்கரமும் தள்ளும். ஒரு மோட்டார் பத்திரிகை நடத்திய கால் மைல் ஓட்டத்தில் இத்தாலிய பெராரி காரையே அது முந்திவிட்டது! ஆனால் அதில் ஏற்றக் கூடிய பாரம் எவ்வளவு? 500 பவுண்டு. அதாவது 227 கிலோ. நம்ம ஊர்க் கணக்கில் பதினைந்து வாழைத்தார்! இதைச் சொன்னதும் மருமகன் வாயடைத்துப் போனான். ஒரு நடைக்குப் பதினைந்து தார் ஏற்றினால் டீசல் காசு கூட வராதே!

வேகம் இனாமாகக் கிடைப்பதில்லை. பாரம் சுமக்கும் சக்தியிலிருந்தோ, ரஸ்தாவில் கிடைக்கும் சொகுசிலிருந்தோ, பெட்டியில் இருக்கும் பணத்திலிருந்தோ அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். "ரெண்டு பட்டையை உருவினா ஞாயித்துக்கிழமை சுகமா இருக்கும். திங்கக்கிழமை தார் ஏத்தினா பின்பக்கம் உக்காந்திரும், முன்பக்கம் தூக்கிக்கிடும். ஸ்டீயரிங் உன் பேச்சைக் கேக்காது" என்றார் அண்ணாச்சி.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி எதைக் காரணம் காட்டிக் கையை விரிக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

* * *

"அப்ப ஒண்ணுமே செய்ய முடியாதா?" என்றான் மருமகன். குரல் இறங்கிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை தரிசுக்கு வண்டியைக் கொண்டு வா" என்றார் அண்ணாச்சி.

அக்காளுக்குச் சொந்தமாக மேட்டு நிலம் ஒன்று தரிசாகக் கிடக்கிறது. அங்கே பத்துப் பழைய டயர்களை வளைந்த பாதையாகப் போட்டோம். ஆடு, கோழி, வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள் எல்லோரையும் வரப்புக்கு அப்பால் அனுப்பினோம். மருமகன் ஹெல்மெட் மாட்டி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினான். என்ஜின் அலறியது, புழுதி ஆகாயத்தை மறைத்தது. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. கடிகாரம் 62 விநாடி என்றது.

அண்ணாச்சி வண்டியை நிறுத்தி, பெட்டியிலிருந்த கயிறு, தார்ப்பாய், மரப்பலகை, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். ஸ்டெப்னியையும் கழற்றினார். அப்புறம் கதவோரம் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். காலி வண்டிக்கு ஒரு காற்றளவு, பாரத்துக்கு ஒரு காற்றளவு என்று அதில் போட்டிருந்தது. மருமகன் இதுவரை அதைப் படித்ததே இல்லை. எப்போதும் பாரத்துக்கான அளவுதான். பின் டயர்களைக் காலி அளவுக்குக் குறைத்ததும் 59 விநாடி.

பிறகு அண்ணாச்சியே உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். என்ஜின் அலறவில்லை, புழுதியும் அதிகம் எழவில்லை. ஒவ்வொரு டயருக்கும் முன்னால், நேராக இருக்கும்போதே பிரேக்கைப் பிடித்தார். மெதுவாக உள்ளே நுழைந்தார். அடுத்த திருப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கை நிமிர்த்திய பிறகுதான் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன்: 54 விநாடி!

எட்டு விநாடி லாபம். செலவு பூஜ்யம்.

மருமகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆடி மாசம் நான் திருப்பத்துக்குள்ள போய்ப் பிரேக்கை மிதிச்சேன், அண்ணாச்சி" என்றான், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல.

"அதைத் தெரிஞ்சுக்கிடத்தான் இந்தப் பந்தயம்" என்றார் அவர். வீட்டுக்குப் புறப்படும் முன் மறக்காமல் பின் டயர்களில் பாரத்துக்கான காற்றை நிரப்பச் செய்தார். குறைந்த காற்றோடு பாரம் ஏற்றினால் டயர் சூடேறி வெடித்துவிடும் அல்லவா?

அன்று மாலை அவர் எழுதிக் கொடுத்த வரிசையை, இந்த ஆசை உள்ள வேறு இளைஞர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். முதலில் பிரேக், வீல் பேரிங், ஸ்டீயரிங் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது டயரும் காற்றும். மூன்றாவது, துள்ளும் சக்கரத்தைத் தரையில் அமர்த்தும் நல்ல ஷாக் அப்சார்பர். இவை மூன்றும் பந்தயத்துக்கும் நல்லது, வாழைத்தாருக்கும் நல்லது. இதற்கு மேல் போகிறவர்கள், பந்தயத்துக்கென்றே ஒதுக்கிய வண்டியில்தான் போக வேண்டும்: வண்டி சாயாமல் தடுக்கும் குறுக்குக் கம்பி, உள்சக்கரம் வீணாய்ச் சுற்றாமல் தடுக்கும் டிபரன்ஷியல், தரைக்குத் தக்க ஸ்பிரிங், கவிழ்ந்தாலும் தலையைக் காக்கும் இரும்புக் கூண்டு. என்ஜினில் கை வைப்பது கடைசி. இதற்கெல்லாம் முன்னால் பந்தயம் நடத்துகிறவர்களின் விதிப் புத்தகத்தை வாங்கிப் படிப்பது. நம் நாட்டு மோட்டார் பந்தய மன்றங்களின் சம்மேளனம் சென்னையில்தான் இருக்கிறது. ஊர் ரோட்டில் பழகலாம் என்ற யோசனை மட்டும் யாருக்கும் வரவே கூடாது.

ஒதுக்கிய வண்டிக்கு எங்கே போவது என்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில், 1953-ல் பிறந்த மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்திய நாட்களில், அம்பாஸிடரும் பியட்டும் ஹெரால்டும்தான் அங்கே பந்தயக் குதிரைகள். எல்லாம் ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஜாதி வண்டிகள். கோயமுத்தூர் கரிவரதன், சாதாரண மாருதி 800 காரின் என்ஜினை வைத்தே சின்னஞ்சிறு பந்தயக் கார்கள் கட்டினார். 1995-ல் அவர் விமான விபத்தில் மறைந்துவிட்டார். ஆனால் அந்த மாருதி என்ஜின் கார்களில் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் உலகப் பந்தயமான பார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கோயமுத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளம் இன்று கரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதை மருமகனிடம் சொல்லிவிட்டு ஊர் திரும்பினேன். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அக்காளின் டெலிபோன்.

"ஏ தம்பி, பிக்கப்புக்கு ஷாக் அப்சார்பரும் டயரும் மாத்தியாச்சு. வண்டி இப்ப தொட்டில் மாதிரி போவுது. மிச்சம் வச்ச காசுல வளையலையும் மீட்டுக் குடுத்துட்டான்."

"ரொம்ப சந்தோஷம், அக்கா."

"என்ன சந்தோஷம்? ஒர்க்‌ஷாப்புல கேட்பாரில்லாம துருப்பிடிச்சுக் கிடந்த மாருதி 800 ஒண்ணை அண்ணாச்சி இவன் தலையில கட்டிட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் அதுக்கு அடியிலதான் படுத்துக் கிடக்காங்க. முந்தி ஒருத்தனுக்குப் பைத்தியம். இப்ப ரெண்டு பேருக்கு!"

அக்காள் கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் டெலிபோனில் இரண்டு வளையல்கள் உரசுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.